இஹ்ராமில் சண்டை கூடாது

மக்காவுக்கு உம்ரா போக விசா வந்த அன்று வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், சலூன்காரரைத் தவிர. இது என்ன கூத்து என்று கேட்பீர்கள். வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்ட பயணம் கைகூடி வரும்போது ஒரு மனிதர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அவருக்குத் தலையில் ஏதோ கோளாறு என்றுதானே நினைப்போம். கோளாறு தலையில்தான். உள்ளே இல்லை, மேலே.

சலூன்காரரின் தலையில் அலையலையாகப் படிந்து கிடந்த அந்தக் கறுத்த முடி அவருடையது அல்ல, விக். முப்பது வயதைத் தாண்டியதும் அவருக்கு முடி கொட்டத் தொடங்கியது. கொட்டக் கொட்ட வாடிக்கையாளர்களும் கொட்டிப்போனார்கள். வழுக்கைத் தலையோடு கத்தரிக்கோல் பிடிக்கிற ஆளிடம் தலையைக் கொடுக்க ஜனங்களுக்கு ஏனோ மனசு வரவில்லை. உடம்பு சரியில்லை என்று கடையைப் பூட்டிவிட்டு வெளியூர் போனவர், திரும்பும்போது முடியோடு வந்தார். முதல் நாளே ஒரு வாடிக்கையாளர் வாயைப் பிளந்துகொண்டு, எப்படி என்று கேட்டார். விக் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். பாழாய்ப்போன வாய், எண்ணெய் என்று சொல்லிவிட்டது. அதோடு நின்றதா, தானே காய்ச்சிய எண்ணெய் என்றும் சேர்த்துச் சொன்னது. மறுவாரமே ஆட்கள் கேட்டு வந்துவிட்டார்கள். பிறகு காய்ச்சாமல் என்ன செய்வார்? தேங்காயெண்ணெயில் கொஞ்சம் கற்பூரம், கொஞ்சம் பச்சை நிறம். கடை அலமாரியில் பாட்டில்கள் வரிசைகட்டி நின்றன. விளம்பரம் அவர் தலையிலேயே உட்கார்ந்திருந்தது.

உண்மை தெரிந்தவர் உலகத்தில் ஒரே ஆள்தான், அவர் மனைவி. வீட்டுக்கு வந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டதும் சலூன்காரர் விக்கைக் கழற்றிப் படுக்கையறை ஆணியில் மாட்டுவார். பூனை செத்துத் தொங்குகிற மாதிரி இருக்கிறது, மேலே ஒரு துணியைப் போடுங்கள் என்பது அந்த அம்மாளின் அன்றாடப் புலம்பல்.

அந்த எண்ணெய்மேல் ஊரிலேயே அதிக நம்பிக்கை வைத்திருந்தவன் அந்த அம்மாளின் கூடப்பிறந்த தம்பி. டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. வந்த இடங்களெல்லாம் தட்டிப்போனதற்குத் தன் வழுக்கை விழுந்த மண்டைதான் காரணம் என்று முடிவு கட்டியிருந்தான். மாதம் தவறாமல் வந்து நாற்காலியில் உட்காருவான். சலூன்காரர் பின்னாலிருந்து கைக்கண்ணாடியைப் பிடித்து உச்சியைக் காட்டி, முளைக்குது மாப்ளே என்பார். அவன் கழுத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு பாட்டிலை வாங்கிக்கொண்டு போவான்.

அந்த மச்சினனும் ஊரிலிருந்து கிளம்புகிற இதே உம்ராக் குழுவில் வருகிறான். அங்கேதான் வந்தது வினை. உம்ராவுக்கு இஹ்ராம் கட்டிவிட்டால் ஆணுக்குத் தைக்காத இரண்டு வெள்ளைத் துணிதான். வாசனை கூடாது, முடி வெட்டக்கூடாது, சண்டை சச்சரவு கூடாது, தலையை மூடவும் கூடாது. குழுவை அழைத்துப் போகிற ஹஜரத் இதையெல்லாம் விளக்கியபோது, தனக்குத் தெரிந்த ஒருவருக்காக என்று சொல்லி, விக் வைத்துக்கொள்ளலாமா என்று சலூன்காரர் மெல்லக் கேட்டுப் பார்த்தார். அதுவும் மூடுகிறதுதான், தெரிந்தவரைக் கழற்றச் சொல்லுங்கள் என்றார் ஹஜரத்.

நம் ஆள் லேசுப்பட்டவரா என்ன. உம்ரா முடிந்ததும் ஆண்கள் மொட்டை போடுவது வழக்கம். எல்லோரும் மொட்டையானபின் எந்தத் தலையில் முன்பு என்ன இருந்தது என்று யார் கண்டார்கள்? ஆகவே புறப்படுவதற்கு முதல்நாளே பக்கவாட்டில் மிச்சமிருந்ததை மழமழவென்று வழித்துக்கொண்டார். ஆசை தாங்க முடியாமல் முன்கூட்டியே போட்டுக்கொண்டேன் என்று விமான நிலையத்தில் எல்லோரிடமும் சொன்னார். மச்சினன் கண் கலங்கிவிட்டான். அவ்வளவு அருமையான முடியை அல்லாஹ்வுக்காக இப்படி அவசரப்பட்டு இழக்க யாருக்கு மனசு வரும் என்று குழுவில் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தான். சலூன்காரர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வேறு வரிசைக்கு நழுவினார்.

ஆனால் தொழில்காரர், அதுவும் முடித் தொழில்காரர், ஒரு சின்ன விஷயத்தை மறந்துவிட்டார். வழித்த முடி வளரும். விமானம் தாமதம், பஸ் தாமதம், ஓட்டலில் அறைச் சாவி தாமதம். எல்லாம் முடிந்து உம்ராவுக்குக் கிளம்புவதற்குள் காதோரமும் பிடரியும் கருகருவென்று நிறம் மாறிவிட்டன. உச்சி மட்டும் வெயிலே படாத வெளுப்பில் முட்டை ஓடு மாதிரி இருந்தது. இரண்டுக்கும் நடுவே பளிச்சென்று ஒரு கோடு.

தலையில் படாமல் குடை பிடிக்கலாம் என்று ஹஜரத் சொல்லியிருந்தார். சலூன்காரர் குடையைப் பிடித்தார். தெருவில் பிடித்தார், அது நியாயம். ஓட்டல் வரவேற்பறையிலும் பிடித்தார். லிஃப்டுக்குள் பாதி விரித்துப் பிடித்து ஒரு பெரியவரின் கன்னத்தில் இடித்தார். பள்ளிவாசல் வாயிலில் மனைவி குடையைப் பிடுங்கித் தன் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

உள்ளே போனார்கள். கஅபா கண்ணில் பட்டதும் சலூன்காரர் குடையை மறந்தார், தலையை மறந்தார், எல்லாவற்றையும் மறந்து தேம்பித் தேம்பி அழுதார். அந்த அழுகையில் பொய்யே கிடையாது, அதையும் சொல்லியாக வேண்டும். கூட்டத்தோடு கூட்டமாகச் சுற்றி வரத் தொடங்கினார்கள். மச்சினன் பழக்கதோஷத்தில், இடதுபக்கம் வெட்டாதீங்க, திடீர்னு நிக்காதீங்க, பின்னாடி ஆள் வருது என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தான். இரண்டாவது சுற்றில் அவன் சலூன்காரருக்குப் பின்னால் வந்துவிட்டான். அவன் கண் அவர் தலையில் போய் நின்றது.

"மச்சான், சைடுல எல்லாம் கறுப்பா வந்திருக்கு. மேல மட்டும் ஒண்ணையும் காணோமே?"

அல்லாஹ்வின் வீடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இந்த இடத்திலாவது மனிதர் உண்மையைச் சொல்லுவார் என்று எதிர்பார்ப்போமா இல்லையா? சொன்னார், இப்படி: எண்ணெய் தடவுகிற இடத்தில் வேர் ஆழமாகப் போயிருக்கும் மாப்ளே, அங்கேயிருந்து கிளம்பி மேலே வர நேரமாகும்.

"சுப்ஹானல்லாஹ்" என்றான் மச்சினன், மனசார.

மீதிச் சுற்றுகளைச் சலூன்காரர் எப்படிச் சுற்றினார் என்று அவருக்கே தெரியாது. இரண்டு குன்றுகளுக்கு இடையே ஏழு தடவை நடந்து ஸயீயை முடித்துவிட்டு, வெளியே வரிசையாக இருந்த சலூன்களில் ஒன்றுக்குள் எல்லோரும் நுழைந்தார்கள். வழுக்கையானாலும் பெயருக்காவது கத்தியை ஓட்ட வேண்டும். அந்தக் கடைக்காரர் சலூன்காரரின் உச்சியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, வெறும் தோல்மேல் கத்தியை ஓட்டினார். அடுத்த நாற்காலியில் மச்சினனின் மண்டையில் எவனோ அவசரக்காரன் ஒரு கீறல் போட்டான். எழுந்து பார்த்தால் ஊரே மொட்டை. இஹ்ராம் முடிந்தது, சலூன்காரர் சட்டையைப் போட்டாரோ இல்லையோ தொப்பியைக் காது வரை இழுத்து மாட்டினார். தப்பித்தோம்டா சாமி என்று அவர் நினைக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ் என்றுதான் சொன்னார். அர்த்தம் என்னவோ அதுதான்.

சில நாள் கழித்து, புனித இடங்களைச் சுற்றிக் காட்டப் பஸ் வந்தது. மச்சினன் முன் இருக்கையில் இடம் பிடித்து, டிரைவருக்கு முன்னால் இவன் பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்தான். நபிக்கு முதல் இறைவசனம் இறங்கிய குகை இருக்கிற மலையைக் கீழேயிருந்து பார்த்தார்கள். ஏறி இறங்கியவர்கள் இரண்டு பேர்தான், மற்றவர்கள் முழங்காலைத் தடவிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்கள். அங்கிருந்து பஸ் கிளம்பியதும் ஹஜரத் மைக்கைப் பிடித்தார். இவ்வளவு தூரம் வந்து மன்னிப்புக் கேட்கிறீர்கள், நல்லது. அல்லாஹ்வுக்குச் செய்த தப்பை அல்லாஹ் மன்னிப்பான், அவன் கருணையாளன். சக மனிதனை ஏமாற்றியிருந்தால் அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும், அதற்கு இங்கே குறுக்கு வழி கிடையாது என்றார். யாராவது வந்து மன்னிப்புக் கேட்டால், கேட்டவனைக் காக்க வைக்காமல் மன்னித்துவிடுங்கள், அதைவிடப் பெரிய நன்மை இல்லை என்றும் சொன்னார். மனைவி ஜன்னலைப் பார்த்தபடியே கணவரின் விலாவில் ஒரு இடி இடித்தாள்.

அடுத்து பஸ் ஹஜ்ஜின்போது ஜனங்கள் கூடுகிற பெருவெளிக்குப் போய் நின்றது. ஆதம் நபியும் ஹவ்வா அம்மாவும் பிரிந்திருந்து மீண்டும் சந்தித்தார்கள் என்று சொல்லப்படும் குன்று அங்கே இருந்தது. ஜனங்கள் பாறைகளில் அங்கங்கே உட்கார்ந்து கையேந்திக்கொண்டிருந்தார்கள். சலூன்காரர் ஒரு பாறையின் நிழலில் ஒதுங்கினார். பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மச்சினனின் குரல் வந்தது. மெதுவாகக் கேட்கிறோம் என்று அவனுக்கு நினைப்பு. பயிற்சி வண்டியில் கத்திக் கத்தி அவனுக்கு மெதுவான குரலே கிடையாது.

யா அல்லாஹ், மச்சானுக்கு முளைத்தது எனக்கும் முளைக்கணும் என்று கேட்டுக்கொண்டிருந்தான். பார்க்க வருகிற பெண்வீட்டாரிடம் மச்சான் தலையைக் காட்டி, எனக்கும் இதே எண்ணெய்தான், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன், என்னைப் பொய்யனாக்கிவிடாதே. எண்ணெய்மேல் நான் வைத்த நம்பிக்கையில் குறை இருந்தால் மன்னித்துக்கொள். மச்சான் நல்ல மனுஷன், அவர் வியாபாரத்தில் பரக்கத்தைக் கொடு. ஆமீன்.

கேட்ட எதுவும் வீண்போகாது என்று நம்பி உலகமே வந்து கையேந்துகிற இடம். அங்கே உட்கார்ந்து ஒரு மனிதன் தேங்காயெண்ணெய்க்காக துஆ கேட்கிறான். சலூன்காரருக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் வெட்கம் வந்தது. வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம் அவர் அதுவரை பட்டதில்லை. பஸ்ஸுக்குத் திரும்பி மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாள் அவர் தலையிலிருந்த தொப்பியைப் பார்த்தாள்.

"அடுத்த எடத்துல மறுபடி இஹ்ராம் கட்டப் போறோம். தொப்பியைக் கழட்டியாகணும். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

அது இன்னொரு சங்கடம். பஸ் கடைசியாக மக்காவின் புனித எல்லைக்கு வெளியே இருக்கிற எல்லைப் பள்ளிவாசலுக்குப் போகும், அங்கே குளித்து இஹ்ராம் கட்டிக்கொண்டு இரண்டாவது உம்ராவுக்குப் போவார்கள் என்பது ஏற்பாடு. இதற்குள் எல்லோர் தலையிலும் புல் முளைத்தமாதிரி முளைத்திருந்தது. சலூன்காரர் தலையில் ஓரத்தில் மட்டும் வேலி முளைத்திருந்தது. வேர் ஆழம் என்ற கதை இனிமேல் மச்சினனிடம்கூட எடுபடாது.

சொல்வதென்று முடிவெடுத்துவிட்டார். ஆனால் எப்போது? அங்கேதான் மனிதரின் மூளை வேலை செய்தது. மச்சினனுக்கு முன்கோபம் உண்டு. ரிவர்ஸ் எடுக்கத் தெரியாத ஒருவரை நடுரோட்டில் இறக்கிவிட்டு வந்தவன். ஆனால் இஹ்ராம் கட்டிய மனிதன் சண்டை போடக்கூடாது. அப்படியானால் அவன் இஹ்ராம் கட்டிய பிறகு சொல்வதுதானே புத்திசாலித்தனம்? எல்லைப் பள்ளிவாசலில் மச்சினன் குளித்துத் துணி கட்டி, தொழுது, உம்ரா செய்கிறேன் என்று மனசில் நிய்யத் வைத்து, இதோ வந்துவிட்டேன் இறைவா என்று லப்பைக் சொல்லுகிற வரைக்கும் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு காத்திருந்தார். பிறகு தானும் நிய்யத் வைத்து, துண்டை எடுத்துவிட்டு, பஸ்ஸில் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

எல்லாவற்றையும் சொன்னார். விக், கற்பூரம், பச்சை நிறம், குன்றில் பாறைக்குப் பின்னால் கேட்டது எல்லாம். மச்சினன் அவர் தலையைப் பார்த்தான், பக்கவாட்டில் பார்த்தான், மறுபடி உச்சியைப் பார்த்தான். முகம் சிவந்து, கை விரல்கள் மடங்கி, கழுத்து நரம்பு புடைத்தது. வாயைத் திறந்தான். தான் கட்டியிருந்த வெள்ளைத் துணி கண்ணில் பட்டது. வாயை மூடினான்.

"நல்லா நேரம் பார்த்துச் சொல்றீங்க மச்சான்" என்றான் கடைசியில், பல்லைக் கடித்துக்கொண்டு. "முடிச்சிட்டு வந்து பேசிக்கிறேன்."

அதற்கப்புறம் நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். முதல் உம்ராவில் ஆற அமரச் சுற்றியவன், இன்று விடுவிடுவென்று நடந்தான். சீக்கிரம் முடித்தால்தானே சண்டை போட முடியும். சலூன்காரரோ, இவ்வளவு உருக்கமான வணக்கசாலியை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். ஒவ்வொரு மூலையிலும் நின்று கையேந்தினார். இரண்டு ரக்அத் தொழுகிற இடத்தில் நெற்றியைத் தரையிலிருந்து எடுக்கவே இல்லை. ஸம்ஸம் தண்ணீரைக் கோப்பை கோப்பையாகக் குடித்தார், குடித்த தண்ணீர் வயிற்றில் தளும்பியது. ஸயீயில் பச்சை விளக்குப் போட்ட இடத்தில் மட்டும் ஆண்கள் சிற்றோட்டம் ஓடுவார்கள். மச்சினன் முழுத் தூரமும் ஓடினான். தம்பிக்கு இன்றைக்கு என்ன இத்தனை பக்தி என்று அக்காவிடம் ஒரு பெண்மணி வியந்து கேட்டார். அந்த அம்மாளுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும் வணக்கமாகிவிட்டது.

எவ்வளவு இழுத்தாலும் ஏழு ஏழுதான். முடிந்தது. மச்சினன் சலூன் வாசலில் காத்துக்கொண்டு நின்றான். மற்றவர்கள் பக்கத்துக் கடைகளில் மொட்டை போட்டுக்கொண்டு வெளியே நின்றார்கள். சலூன்காரர் உள்ளே வந்ததும் மச்சினன் நாற்காலியில் போய் உட்கார்ந்தான். கடைக்காரர் கத்தியோடு வந்தபோது கையைக் காட்டித் தடுத்தான்.

"போன தடவை இவங்க கீறிட்டாங்க. நீங்களே எடுங்க மச்சான்."

கடைக்காரருக்கும் சலூன்காரருக்கும் ஒரு வார்த்தை பொதுவாகத் தெரியாது. சலூன்காரர் கத்தியை வாங்கிப் பிடித்த விதத்தைப் பார்த்ததுமே, ஓ நம்ம ஆளா என்று அவர் நகர்ந்து வழிவிட்டார். சலூன்காரர் தண்ணீரைத் தெளித்தார். நிலைமையைப் பாருங்கள். இவர் கத்தி ஓட்ட ஓட்ட மச்சினனின் இஹ்ராம் விலகுகிறது. கடைசி முடி விழுந்ததும் அவன் கை கால் வாய் எல்லாவற்றுக்கும் விடுதலை. தன்னை அடிக்கப் போகிறவனின் விலங்கைத் தானே அவிழ்க்கிற வேலை. அவ்வளவு மெதுவாக அவர் வாழ்க்கையில் மொட்டை போட்டதில்லை.

பாதித் தலையில் மச்சினன் பேசினான். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலாம் போலிருந்தது.

"எண்ணெய் வேலை செய்யலைன்னு எனக்கு எப்பவோ தெரியும் மச்சான். எங்க வீட்டுக் கண்ணாடி குருடு இல்ல. ஆனா நீங்க மாசாமாசம் முளைக்குதுன்னு சொன்னீங்க. கண்ணாடியை நம்புறதா உங்களை நம்புறதான்னு வந்துச்சு. நான் உங்களை நம்பினேன்."

சலூன்காரரின் கத்தி நின்றது. மன்னிச்சிடுறா மாப்ளே என்று சொல்ல வாயெடுத்தார், வரவில்லை. அழுதார். கஅபாவைப் பார்த்து அழுததைவிட இந்த அழுகை கசப்பாக இருந்தது. கடைக்காரர் ஒன்றும் புரியாமல் ஒரு துணியை நீட்டினார். சலூன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதித் தலையை எடுத்தார், ஒரு கீறல் இல்லாமல். மச்சினன் எழுந்தான். விடுதலையான மனிதன். சலூன்காரர் கன்னத்தைக் கொடுக்கிற மாதிரி நின்றார். மச்சினன் கத்தியை வாங்கி அவர் உச்சியில் பெயருக்கு ஒரு இழுப்பு இழுத்து, பக்கவாட்டை நன்றாக வழித்துவிட்டு, துடைத்தான். தொப்பி எடுக்கப் பைக்குள் போன அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்கு இன்னும் ஆறல. ஆறுறப்ப ஆறட்டும். வெளிய நிக்கிறதுல எத்தனை பேரு உங்க எண்ணெய் வாங்கினவங்க? வாங்க, அவங்ககிட்டயும் சொல்லுங்க."

தலை மூடாமல் தெருவுக்கு வந்தார் சலூன்காரர். மதிய வெயில் சுள்ளென்று உச்சியில் இறங்கியது. குழுவைக் கூட்டி வைத்துச் சொன்னார். ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஒருவர், எங்கப்பா சாகிற வரைக்கும் தடவினாரே என்று வருத்தப்பட்டு, அப்புறம், போகுது விடுங்க, தலையாவது குளிர்ச்சியா இருந்துச்சு என்றார். எல்லோரும் மன்னித்தோம் மன்னித்தோம் என்றார்கள். புது மொட்டைகள் வெயிலில் பளபளத்தன.

ஹஜரத் மட்டும் மன்னித்தோம் என்று சொல்லவில்லை. தன் மொட்டையை ஒரு கையால் தடவிக்கொண்டே, சலூன்காரரைக் கொஞ்சம் ஓரமாக அழைத்துப் போனார். மச்சினனும் கூடவே போனான்.

"என் சம்சாரத்துக்குன்னு சொல்லி எங்க வீட்லேருந்து மாசாமாசம் ஒரு பாட்டில் வாங்கிட்டுப் போவாங்களே, அது அவங்களுக்கு இல்ல, எனக்கு" என்றார் ஹஜரத், தாழ்ந்த குரலில். "இப்பக்கூட ரூம்ல பெட்டியில பாதி பாட்டில் இருக்கு."

சலூன்காரர் கைகளைக் கட்டிக்கொண்டு, மன்னிச்சிடுங்க ஹஜரத் என்றார். ஹஜரத் வானத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"நாளைக்குச் சொல்றேனே" என்றார். "கொஞ்சம் யோசிக்கணும்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று ஓட்டல் பக்கம் நடந்துவிட்டார். மச்சினன் அவர் போவதையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறானோ என்று சலூன்காரர் பதறிப்போய்த் திரும்பினார். சிரித்துக்கொண்டிருந்தான், கண்ணில் தண்ணீர் வழிய வழிய.

"ஹஜரத்துக்கே நாளைக்குத்தான் முடியுமாம்" என்றான். "நான் இன்னிக்கே மன்னிச்சிட்டேன் மச்சான்."